புல்லுக்கு இறைத்த காவிரி

2024 மார்ச் மாதம் பெங்களூரில் ரோஜாச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் விடுவது 5,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமாயிற்று. ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, டேங்கர் லாரிகளின் வாடகை எகிறிக்கொண்டிருந்த நேரம். குடிநீரைக் கொண்டு கார் கழுவவோ தோட்டத்துக்குப் பாய்ச்சவோ கூடாது என்றது குடிநீர் வாரியம். மீண்டும் பிடிபட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். முதல் சில நாட்களிலேயே 22 குடும்பங்கள் அபராதம் கட்டின.

பூந்தோட்ட நகரம் என்று பெயர் வாங்கிய ஊருக்கு இது பெரிய அவமானம்தான். ஆனால் வாரியம் தடுத்தது தோட்டத்தை அல்ல, குழாயை. இந்த வித்தியாசம் பலருக்குப் புரியவில்லை. வெறுத்துப்போய் வாசலில் இருந்த மண்ணையெல்லாம் மூடி டைல்ஸ் பதித்துவிடலாம் என்று கிளம்பியவர்கள், தெரியாமல் அடுத்த கோடைக்கும் சேர்த்து வறட்சியை வரவழைக்கிறார்கள். பெய்கிற மழை இறங்க வேறு இடம்?

உண்மையான குற்றவாளி புல்தரை. வீடு கட்டி முடித்த கையோடு, மேஸ்திரி விட்டுப்போன சிமென்ட் கட்டிகளின் மேல் இரண்டு அங்குலம் செம்மண் பரப்பி, நர்சரியிலிருந்து பாய் போல் சுருட்டி வந்த புல்லை விரிப்பது நகரத்து வழக்கமாகிவிட்டது. வேர் இறங்க ஆழமில்லை. ஆகவே தினமும் நீர் கேட்கும். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு சுமார் 5 லிட்டர் தேவை. 200 சதுர அடிப் புல்தரை என்றால் 90 லிட்டருக்கு மேல். நகரத்தில் ஒரு மனிதனின் அன்றாடத் தேவை என்று அரசுக் கணக்கில் எழுதப்பட்டிருப்பது 135 லிட்டர். அதாவது வீட்டில் ஒரு ஆள் கூடுதலாகக் குடியிருக்கிறார். அவர் சமைப்பதில்லை, காய்ப்பதுமில்லை.

அந்தத் தண்ணீர் வரும் வழியையும் பார்க்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு, மின்சாரத்தைக் கொட்டி ஏற்றப்படும் காவிரி அது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தபோது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. குடிப்பதற்கு என்றால் தஞ்சை விவசாயிகூட மனம் இரங்கக்கூடும். புல்லுக்கு என்றால்?

அப்படியானால் என்ன செய்வது? முதல் வேலை, புல்லைப் பெயர்த்து ஒரு முழ ஆழம் தோண்டி, கட்டடக் குப்பையை வெளியேற்றுவது. அலுப்பான வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கும். இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எதுவும் உருப்படாது. பிறகு மக்கிய எருவும் காய்ந்த இலையும் கலந்து மண்ணை நிரப்பி, சுற்றியுள்ள தரையைவிட அரை அடி தாழ்வாகவே விட்டுவிட வேண்டும். மேடான பாத்தி மழையை வெளியே தள்ளும். தாழ்ந்த பாத்தி உள்ளே வாங்கும். நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று நம் பாட்டிமார் வைத்த செடிகளே இதற்குப் போதும். அரளியும் அசராமல் வளரும். ஆனால் அதில் விஷம் உண்டு. குழந்தைகளோ நாயோ உள்ள வீட்டில் வேண்டாம். பசுமையாகத் தரையை மூடியே ஆக வேண்டும் என்பவர்கள் அருகம்புல்லை விடலாம். நர்சரிகளில் பெர்முடா என்று விலை சொல்லப்படுவதும் அந்த இனம்தான். வெயிலில் காய்ந்து பழுத்தாலும் அடுத்த மழைக்குத் தானே எழுந்துவிடும்.

செடிகளின் அடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகுப் போர்வை அவசியம். சாலையோர மரங்கள் உதிர்க்கும் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைவிட அதை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது மேல். ஈரம் காப்பதில் பாதி வேலையை இதுவே செய்துவிடும். காய்கறிப் பாத்தியின் நடுவே, சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைப்பது பழைய உத்தி. பானை கசிய, வேர் உறிஞ்சிக்கொள்ளும். மேலே வர்ணம் பூசிய பானை உதவாது.

மழைநீர் பற்றி ஒரு பிரமையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 600 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் சுமார் 50,000 லிட்டர் விழுகிறது. கணக்கு மயக்குகிறது. ஆனால் மாடிக் குழாயின் அடியில் வைக்கும் நீல நிற 200 லிட்டர் டிரம், அக்டோபர் மழையை மார்ச்சுக்குக் கொண்டுவராது. இருபது தொட்டிகளுக்குப் பத்து நாள் தாங்கினால் அதிகம். மார்ச்சில் கைகொடுப்பது சமையலறைதான். அரிசி, காய்கறி கழுவிய நீரை அப்படியே ஊற்றலாம். சலவை இயந்திரத்தின் கடைசி அலசல் நீரும் ஆகும், ஆனால் பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம். சோப்பு உப்பு மண்ணை இறுக்கும் என்பதால் வாழைக்கும் பூச்செடிக்கும் மாற்றி மாற்றி விட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் சேமித்தால் நாறும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவது பலரது வழக்கம். அதில் உப்பு மிகுதி. தரை துடைக்கத்தான் அது லாயக்கு.

மிஞ்சும் மழைக்கு வழி, நிலத்துக்குள் இறக்குவது. 2009-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி 30-க்கு 40 அடி மனையில் கட்டும் புது வீட்டுக்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மூன்றடி விட்டம், இருபதடி ஆழத்தில் ஓர் உறைகிணறு போதும். இது மட்டும் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு இறங்கும் வேலையல்ல. தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இந்நகரில் இருக்கிறார்கள். சரிகிற மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். செப்டிக் டாங்கிலிருந்து தள்ளி இடம் குறித்து, மாடி நீர் முதலில் ஒரு வடிகட்டித் தொட்டியில் விழுந்து தெளியும்படி குழாய் போட வேண்டும். முதல் மழையின் தூசு நீரை வெளியே விட்டுவிடலாம்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி ஏற்பட்டது. குழாய் தாராளமானால் புல்தரை ஆசையும் திரும்பும். கிணறு வெட்டுகிறவர்களைக் கூப்பிட ஏற்ற காலம் பிப்ரவரி. ஏப்ரலில் கோடை மழை இறங்குவதற்குள் உறைகளை அடுக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, மேலே கனமான மூடி போட்டுவிட வேண்டும். மூடியின் துளைகளுக்குக் கொசுவலை மறக்கக்கூடாது.