கேட்கும் செவியும் கீழ்ப்படியும் கடமையும்

சட்டத்திற்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? தண்டனைக்கு அஞ்சி என்றால் அது அச்சமேயன்றிக் கடமையன்று.

கி.மு. 399இல் ஏதென்ஸ் சிறையொன்றில் இக்கேள்வி உயிர்ப்பிரச்சினையாகவே எழுந்தது. தப்பிச்செல்ல வழிசெய்துவிட்டு, விடியுமுன் வந்து நிற்கிறார் நண்பர் கிரிட்டோ. எழுபது வயது சாக்ரடீஸ் மறுத்துவிடுகிறார். பிளேட்டோவின் உரையாடலில் நகரின் சட்டங்களே பேசுகின்றன: பெற்று வளர்த்தவர்கள் நாங்கள், வெளியேறத் தடையில்லாதிருந்தும் நீ இங்கேயே வாழ்ந்தாய், அதுவே நீ அளித்த உடன்பாடு.

1689இல் ஜான் லாக் முன்வைத்த 'மௌன சம்மதம்' இதற்கு நெருங்கிய உறவுதான். 1748இல் டேவிட் ஹ்யூம் அதை மறுத்தார். அந்நிய மொழியறியாத, அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஏழைக்கு நாட்டைவிட்டுப் போகும் சுதந்திரம் ஏது? உறக்கத்தில் கப்பலேற்றப்பட்டவன் கடலில் குதிக்கவில்லை என்பதற்காக, தலைவனுக்கு உடன்பட்டான் எனலாமா? ஹ்யூமின் இவ்வினாவுக்கு நிறைவான விடை இல்லை என்றே நமக்குப் படுகிறது.

பிறர் கட்டுப்பாட்டால் பயன்பெறுபவன் தானும் கட்டுப்பட வேண்டும் என்றார் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் (1955). கேளாமல் தந்த நன்மைக்குக் கடன் எப்படி விழும் என்று திருப்பிக் கேட்டார் ராபர்ட் நோசிக் (1974).

நிற்க. சாக்ரடீஸின் வாழ்க்கையிலேயே வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. கி.மு. 404-403இல் ஏதென்ஸை ஆண்ட முப்பதின்மர், சலாமிஸைச் சேர்ந்த லியோனைக் கொல்வதற்காகப் பிடித்துவர ஐவரை ஏவினர். நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார்.

அப்போதும் அவர் ஏதென்ஸில்தான் வாழ்ந்தார். ஆகவே, அங்கே வாழ்ந்தது மட்டுமே கீழ்ப்படிதலுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. தனக்கு இழைக்கப்படும் அநீதியைத் தாங்குவது வேறு. பிறர்க்கு அநீதி இழைக்கும் கருவியாவது வேறு. இன்னொன்றும் உண்டு. சட்டங்கள் அவரிடம் வைத்த கோரிக்கை வெறும் பணிவன்று. எம்மை வாதிட்டு இணங்கவை, இயலாவிடில் கீழ்ப்படி என்பதே அது. முப்பதின்மரோ சொல்வன்மையைக் கற்பிப்பதையே தடைசெய்தார்கள் என ஜெனோஃபன் பதிவுசெய்கிறார்.

கீழ்ப்படிதல் பிறப்பால் வரும் கடனன்று. நம் வாதத்திற்குச் செவிகொடுக்கும் அரசு ஈட்டிக்கொள்ளும் உரிமை என்பதே நம் துணிபு. செவியை மூடிக்கொண்ட அரசு அச்சத்தைப் பெறலாம். கடமையைக் கோர முடியாது.

ஆனால் சாக்ரடீஸின் வாதத்தை முழுதும் கேட்ட பின்னர்தான் ஏதென்ஸ் அவருக்கு நஞ்சளித்தது. செவிகொடுப்பதால் மட்டும் நீதி பிறந்துவிடுவதில்லை. இதை மறைத்துவிட்டுக் கடமையைப் பேசுவது நேர்மையாகாது.