பேத்தியின் முகம் விலைக்கு அல்ல!

என் வயது 57. கும்பகோணத்தில் வசிக்கும் சாதாரணக் குடும்பத் தலைவி நான். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் திருமணமாகி கோயமுத்தூரில் இருக்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. 'வீட்டில் இருந்தபடியே படம் எடுத்து விற்கலாம், மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்' என்று இப்போது திரும்பின பக்கமெல்லாம் சொல்கிறார்களே, அதில் மூன்று வருடமாக இருக்கிறவள் என்ற முறையில் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை புது கேமரா வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் எடுப்பதில் ஆசை. வாசல் கோலம், பித்தளை டபரா, ஜன்னல் ஓரம் காயும் வடாம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். "சும்மா வைத்திருக்காதேம்மா, விற்றுப் பாரேன்" என்று மகள்தான் ஒரு ஸ்டாக் போட்டோ தளத்தில் கணக்குத் திறந்து கொடுத்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளம்பரக் கம்பெனிகளும் பத்திரிகைகளும் ஒவ்வொரு படத்துக்கும் போட்டோகிராபரை அனுப்ப முடியாது. இந்தத் தளங்களில் தேடி, வேண்டியதைப் பணம் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே படத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் நமக்கு ஒரு பங்கு வரும். அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் மாதம் கொண்டுவந்த முறைப்படி 15 சதவீதத்தில் ஆரம்பித்து, விற்பனை ஏற ஏற 40 வரை போகும். ஆனால் ஜனவரி 1-ஆம் தேதி வந்தால் மறுபடி அடிப்படியிலிருந்து ஏற வேண்டும்!

சதவீதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கைக்கு வருவது என்ன? சந்தாக் கட்டி மொத்தமாக வாங்குபவர்கள் எடுத்தால் ஒரு படத்துக்கு நமக்குச் சில சமயம் 10 சென்ட், அதாவது எட்டொன்பது ரூபாய். மூன்று வருடத்தில் நான் அனுப்பியவை 640 படங்கள். ஏற்றுக்கொண்டவை 410. மொத்தம் வந்த பணம் ஏறக்குறைய 11,000 ரூபாய். 25 டாலர் சேர்ந்தால்தான் கொடுப்பார்கள் என்பதால் முதல் பணம் வரவே பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினேன். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பொருள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இனிதான் விஷயமே இருக்கிறது.

கோலத்தையும் டபராவையும் விட மனித முகங்களுக்குத்தான் கிராக்கி. போன வருடம் கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். பாவாடை சட்டை போட்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தவளைப் படம் எடுத்தேன். அப்படியொரு சிரிப்பு! ஆள் முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதச் சீட்டு வேண்டும். குழந்தை என்றால் பெற்றவர்கள் போட வேண்டும். மகள் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள். மூன்றே மாதத்தில் இருபத்தி மூன்று முறை விற்றது. என் கோலங்கள் எல்லாம் சேர்ந்து அவ்வளவு விற்கவில்லை. "பாட்டிக்கு நீதான்டி லட்சுமி" என்று போனில் கொஞ்சினேன்.

அந்த ருசியில், எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அம்மாவையும் எடுத்தேன். எழுபது வயது இருக்கும். முகம் முழுக்கச் சுருக்கம், மூக்குத்தி, வெற்றிலைச் சிரிப்பு. அனுப்பினால், சம்மதச் சீட்டு இல்லை என்று திரும்பி வந்தது. "நீயே ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பிடேன், அங்கே இருக்கிறவனுக்குத் தெரியவா போகுது?" என்றார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு பூக்கார அம்மாவிடமே போனேன். இங்கிலீஷில் நாலைந்து பத்தி. அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் நானே முதல் தடவையாக வரிவரியாகப் படித்தேன்.

"என் படத்தை யாரு வாங்குவாங்க?" என்று கேட்டார். "யார் வேணும்னாலும் வாங்கலாம்மா." "எதுக்குப் போடுவாங்க?" "தெரியாதும்மா. மூட்டுவலித் தைலத்துக்குப் போடலாம், முதியோர் இல்லத்துக்குப் போடலாம், பாங்க் விளம்பரத்துக்குப் போடலாம்." "எத்தனை நாளைக்கு?" "காலம் முழுக்க." அவர் பூ தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்குன்னு உனக்கே தெரியாது. அப்புறம் என் மொகத்தை எப்படிம்மா குடுக்கறது? எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு. முதியோர் இல்லத்துப் படத்துல என்னைப் பார்த்தா ஊரு அதுங்களை என்ன சொல்லும்? வேணாம்மா."

எனக்குச் சுருக்கென்றது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றையாவது என் பேத்திக்காக நானோ, எம்.காம். படித்த என் மகளோ கேட்டோமா?

அன்றைக்கே வீட்டுக்கு வந்து பேத்தியின் படத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் என்ன பயன்? ஏற்கெனவே வாங்கிய இருபத்தி மூன்று பேரிடம் இருப்பது இருப்பதுதான். அவர்கள் யார், எந்த ஊர், எதற்கு வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆபாசமாகவோ அவதூறாகவோ பயன்படுத்தக் கூடாது என்று விதிமுறை இருக்கிறது, வாஸ்தவம். அந்த விதியை யாராவது மீறினால் கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

ஹங்கேரி நாட்டில் ஆண்ட்ராஷ் அராடோ என்று ஒருவர். எலக்ட்ரிக்கல் என்ஜினீயர். ஸ்டாக் போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றவர், பிறகு தன் முகம் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால், ஒரு மருத்துவமனைத் தளத்தில் டாக்டராக இருந்தாராம்! அப்புறம் அவர் சிரிப்பையே 'வலியை மறைக்கும் ஹெரால்டு' என்று பெயர் வைத்து உலகமே கேலிப் படமாக்கியது. முதலில் வருத்தப்பட்டவர் பிறகு சமாளித்து, அதையே தனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டார். அவர் விவரம் தெரிந்த பெரிய மனிதர். தானே சம்மதித்து நின்றவர். நம் வீட்டுக் குழந்தை அப்படியா?

இன்னொன்றும் இருக்கிறது. 2023-ல் அடோபி வெளியிட்ட ஃபயர்ஃபிளை என்கிற செயற்கை நுண்ணறிவு, அடோபி ஸ்டாக்கில் உள்ள படங்களைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்டது. படம் கொடுத்தவர்களுக்கு அதற்கென்று ஒரு தொகையும் கொடுத்தார்கள். படம் அப்படியே விற்கிற காலம் போய், படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு புதுப் படம் செய்கிற காலம் வந்தாயிற்று. நாளைக்கு இன்னும் என்னென்ன வருமோ! அதற்கெல்லாம் சேர்த்து ஆறு வயதுக் குழந்தை சார்பில் இன்றைக்கே நாம் கையெழுத்துப் போடுவது எந்த ஊர் நியாயம்?

"பெற்றவளுக்கு இல்லாத உரிமையா?" என்று சிலர் கேட்கலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் பெற்றவளுக்கு உண்டு, மறுக்கவில்லை. குழந்தையின் காது குத்துகிறோம், மொட்டை போடுகிறோம், அதெல்லாம் கேட்டா செய்கிறோம் என்றுகூட என் நாத்தனார் வாதாடினார். மொட்டை போட்டால் முடி வளர்ந்துவிடும். இது வளருமா? அவள் பெரியவளாகி, காலேஜ் போகிற வயதில், "ஏன் பாட்டி, என்னை விற்றுத்தான் மிக்ஸி வாங்கினாயா?" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? மிக்ஸி அதற்கு முன்பே வாங்கியது என்று கணக்குச் சொல்வேனா?

படம் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக விற்கலாம். அகல் விளக்கு, வாழையிலைச் சாப்பாடு, அஞ்சறைப்பெட்டி, மாக்கோலம், மழை பெய்யும் முற்றம்... நம் வீட்டிலேயே எத்தனை இருக்கிறது! டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். காப்பிப் பொடி, எண்ணெய் பாக்கெட் பெயர்கள் படத்தில் தெரியக் கூடாது. அமெரிக்கத் தளம் என்றால் வரிப் படிவத்தை மறக்காமல் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அந்த ஊர் விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பினால் இந்தியர்களுக்கு 15 தான். கணக்குத் திறக்கப் பணம் கிடையாது. 'பயிற்சி தருகிறேன், பத்தாயிரம் கட்டு' என்பவர்களை நம்பாதீர்கள். மூன்று வருட உழைப்பில் எனக்கு வந்ததே பதினோராயிரம்தான்!

இப்போதும் பூக்கார அம்மாவைப் படம் எடுக்கிறேன். ஆனால் தொடுக்கிற கையையும் கதம்பத்தையும் மட்டும்தான். அதையும் அவரிடம் காட்டி, சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதலில் எடுத்த முகப்படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவருக்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.

முகம் அவரவர் சொத்து. அடுத்தவர் சொத்தை விற்கும் முன், அது நம் வயிற்றில் பிறந்த குழந்தையாகவே இருந்தாலும், ஒரு நிமிடம் யோசிப்போமா சகோதரிகளே?

— ஒரு வாசகி, கும்பகோணம்.