கேள்வியை யார் எழுதுவது?

போன மாதம் நம் ஊரில் ஒரு கல்லூரியில் கல்லூரிகளுக்கு இடையிலான வினாடி வினாப் போட்டி நடந்தது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். ரிட்டையர் ஆனவர் சும்மாதானே இருக்கிறார் என்று என்னையும் கூப்பிட்டு நடுவர் வரிசையில் உட்கார வைத்தார்கள். சால்வை போட்டார்கள். காபி நன்றாக இருந்தது.

வெளியூரிலிருந்து காசு கொடுத்து வரவழைத்த குவிஸ் மாஸ்டர், ஒரு லேப்டாப், நாற்பது கேள்வி. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். கம்பெனி சின்னங்கள் ஒன்பது. இங்கிலீஷ் சினிமா ஆறு. கார், செல்போன், கிரிக்கெட் என்று மீதி. கடலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. உப்பு இல்லை, முத்து இல்லை, துறைமுகம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கிற ஊர் இது!

இன்னொன்றையும் கவனித்தேன். முன் வரிசையில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகள் கேள்வி பாதி வருவதற்குள் பஸ்ஸரை அழுத்திவிடுகிறார்கள், விடையும் சரி. முடிந்த பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். "எப்படிம்மா இவ்வளவு வேகம்?" "இது போன வருஷம் மதுரையில கேட்டது சார். எங்க சீனியர் பிடிஎஃப் அனுப்பினாங்க."

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. படிக்கக் கொடுத்ததைப் படித்திருக்கிறார்கள். கோபமெல்லாம், ஒரே கேள்விக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதை அறிவுப் போட்டி என்று பேனர் கட்டி நடத்துகிறவர்கள் மேல்தான்.

போட்டிக்கு முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தேன். வருகிற ஒவ்வொரு அணியும் ஆளுக்கு இருபது கேள்வி எழுதி அனுப்பட்டும், அவற்றையே தொகுத்துப் போட்டியை நடத்துங்கள் என்றேன். சிரித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாதாம், கேள்வி வெளியே போய்விடுமாம்.

இது என் மூளையில் உதித்ததல்ல. அமெரிக்காவில் 1953-இல் வானொலியில் கல்லூரி அணிகள் மோதும் போட்டி தொடங்கியது. இங்கிலாந்தில் 1962-இல் டெலிவிஷனில் வந்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் 1967-இல் ஆரம்பித்து வைத்தார். 1972-இல் போர்ன்விட்டா வினாடி வினா வானொலிக்கு வந்தது, 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு வந்தார். இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பிறகு டெலிவிஷனை நம்பாமல் தாங்களே போட்டி நடத்தத் தொடங்கினார்கள். அங்கே பல போட்டிகளில் அணிகளே கேள்விக் கட்டு அனுப்ப வேண்டியிருந்தது. சீக்கிரம் அனுப்பினால் கட்டணத்தில் தள்ளுபடி, தாமதித்தால் அபராதம். தொகுப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கி, ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால் நீக்கி, தவறைத் திருத்தி அடுக்குவார். ஓர் அணி எழுதிய கட்டு வாசிக்கப்படும்போது அந்த அணி அந்தச் சுற்றில் உட்காராது. கேள்வி வெளியே போய்விடும் என்ற பயத்துக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

கேள்வி எழுதும் முறையும் வேறு. கடினமான குறிப்பில் தொடங்கி எளியதில் முடிய வேண்டும். "கப்பலோட்டிய தமிழன் யார்?" என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதே விடைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியவர், 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர், சிறையில் செக்கிழுத்தவர், 2011-இல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு இவர் பெயர் வைக்கப்பட்டது. படித்தவன் முதல் வரியிலேயே அழுத்துவான், படிக்காதவன் கடைசி வரி வரை காத்திருப்பான். எழுதியவனோ ஐந்து வரிக்காக ஐந்து புத்தகம் புரட்டியிருப்பான்.

பிள்ளைகள் தப்பாக எழுதுவார்களே என்கிறார்கள். எழுதுவார்கள்தான். பெரியவர்கள் எழுதவில்லையா? நானே எழுதியிருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் பிரிவுவாரியாகக் கேள்வி வாங்கி ஒரு வினாடி வினா நடத்தினோம். நான் தொகுப்பாளர். "சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டிய முதல் கப்பல் எது?" என்று ஒரு கேள்வி. விடை 'காலியா' என்று எழுதியிருந்தது. நானும் தலையாட்டிச் சேர்த்துவிட்டேன். கிரேன் ஓட்டுகிற நண்பர் ஒருவர் எழுந்து நின்றார். "அது வாங்கின கப்பல் சார். அதுக்கு முன்னாடியே வாடகைக் கப்பல் ஓட்டியாச்சு." உண்மைதான். 1906-இல் கம்பெனி முதலில் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டியது. வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கி அந்த வாடகையை நிறுத்த வைத்தது. அதனால்தான் சொந்தக் கப்பல் வேண்டும் என்று வ.உ.சி. பம்பாய்க்கு ஓடினார். காலியாவும் லாவோவும் அப்புறம் வந்தவை. 'ஓட்டிய' என்பதற்கும் 'வாங்கிய' என்பதற்கும் நடுவில் ஒரு வரலாறே கிடக்கிறது. அரை மணி நேரம் சண்டை. அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பது மறந்துவிட்டது. இந்தச் சண்டை மட்டும் மறக்கவில்லை.

லேப்டாப் காரரோடு யார் சண்டை போட முடியும்? அவர் திரையில் வருவதுதான் விடை. மாலை ரயிலுக்கு அவர் கிளம்பிவிடுவார்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், பழைய கணக்குப் பிரிவுக்காரனாயிற்றே. பன்னிரண்டு அணி, ஆளுக்கு இருபது, மொத்தம் இருநூற்று நாற்பது கேள்வி. மூன்று சாயங்காலம் உட்கார்ந்தால் தொகுத்துவிடலாம். நானும் ரிட்டையர் ஆன சரித்திர வாத்தியார் ஒருவரும் சும்மா செய்துதர ரெடி. ஆளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் போதும். தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வோம். தமிழில் கேட்டால் தரம் போய்விடும் என்று எவராவது சொன்னால் அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

சோதனைக்காகப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனிடம் ஒரு கேள்வி எழுதி வா என்றேன். பி.காம். இரண்டாம் வருஷம். அவன் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். இரண்டு நாளில் கொண்டுவந்தான். "இந்தத் தொழிலில் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள்" என்று தொடங்கி, தொலையிரம் பார், 1973-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே வளர்த்துக் காட்டியது, 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் நடக்காதது என்று போய் முடிகிறது. விடை முத்துக்குளிப்பு.

முதல் வரிக்கு ஆதாரம் எங்கே என்றேன். "எங்க தாத்தா சொன்னாரு சார்." தாத்தா சொன்னது போதாது, புத்தகத்தில் காட்டு, இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவேன் என்றேன். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தா முப்பது வருஷம் குளிச்சவரு. புக் எழுதினவரு குளிச்சாரா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.