அந்த அகலமான பார்க்கிங் யாருக்கு?

சனிக்கிழமை காலை பதினோரு மணி. லண்டன் புறநகர் ஒன்றில் இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட். லேசான தூறல். பார்க்கிங் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. காரை ஓட்டி வருபவர் ஓர் இளம் தாய். பக்கத்து சீட்டில், மகளின் பிரசவத்துக்குத் துணையாக மதுரையிலிருந்து வந்திருக்கும் அவருடைய அம்மா. மூன்று மாதக் குழந்தை வீட்டில் அப்பாவின் பொறுப்பில் தூங்குகிறது.

கடை வாசலுக்கு நேரெதிரே ஓர் இடம் காலியாக இருந்தது. தரையில், ஸ்ட்ரோலர் தள்ளும் ஓர் ஆளின் படம்.

“இங்கேயே போடேன்டி. நனையாமப் போயிடலாம்.”

“இது குழந்தையோட வர்றவங்களுக்கும்மா.”

“நமக்கும்தான் குழந்தை இருக்கு. பின்னாடி குழந்தை சீட்டுகூட மாட்டியிருக்கே. யாரு வந்து கேட்கப்போறா?”

மகள் பதில் சொல்லாமல் கடைசி வரிசைக்கு ஓட்டிப் போய் நிறுத்தினார். ஒரே குடையில் இருவரும் நடந்தார்கள். அம்மாவின் புடவைக் கரை நனைந்துவிட்டது. கடைக்குள் நுழையும்வரை அம்மா பேசவே இல்லை.

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்களே இந்தப் பார்க்கிங் இடங்களுக்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கார் கண்ணாடியில் கோபமாகத் துண்டுச்சீட்டு செருகிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் போகும் நம் ஊர் அம்மா அப்பாக்களுக்கும், புதிதாகக் குடும்பத்தோடு குடியேறுகிறவர்களுக்கும் இதன் கணக்கு புரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்குதான்.

ஓரடிக் கணக்கு

பிரிட்டனில் ஒரு காரை நிறுத்தும் சாதாரண இடத்தின் அகலம் பொதுவாக 2.4 மீட்டர். ஏறக்குறைய எட்டு அடி. இன்றைய குடும்பக் கார்களின் அகலம் சுமார் ஆறு அடி. நடுவில் சரியாக நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஓரடி ஓரடி மிஞ்சும். பக்கத்துக் காரும் அதேபோல நின்றால் இரண்டு கார்களுக்கும் இடையே இரண்டடி.

பெரியவர்கள் அந்த இரண்டடியில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பைச் சுருக்கி இறங்கிவிடுவோம். ஆனால், கைக்குழந்தை படுத்திருக்கும் சீட்டின் அகலமே ஏறக்குறைய ஒன்றரை அடி. அதைக் குழந்தையோடு அப்படியே வெளியே தூக்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால், அம்மாவோ அப்பாவோ உள்ளே குனிந்து பெல்ட்டை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். இதற்குக் கதவு முழுதாகத் திறந்தாக வேண்டும்.

பெல்ட் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்றால், அங்கே அது முடியாது. பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை, தகுந்த குழந்தை சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். விதிவிலக்குகள் மிகக் குறைவு.

குழந்தையோடு வருபவர்களுக்கான இடத்தை அகலமாக வைத்திருப்பது இதற்காகத்தான். வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஓடத் துடிக்கும் இன்னொரு வாண்டு என்று, பின்னால் வரும் கார்களுக்கு நடுவே நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்பதுதான் அது. நனையாமல் போவதற்காக வைத்த இடம் அல்ல அது.

இதைப் புரிந்துகொண்டால், ‘நிறுத்தலாமா, கூடாதா’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே கேள்வியில் விடை கிடைத்துவிடும். ‘ஒரு குழந்தையை இறக்க இப்போது கதவை முழுசாகத் திறக்க வேண்டியிருக்கிறதா?’

யார் கேட்பார்கள்?

“யாரு வந்து கேட்கப்போறா” என்று அம்மா சொன்னாரே, அதுவும் பாதி உண்மை. போலீஸ் வராது. குழந்தையோடு வருபவர்களுக்கு இப்படித் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் எதுவும் இல்லை. கடைகள் தாங்களாகவே செய்து தரும் வசதி இது.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தின் கதை வேறு. அவர்கள் கடைக்கு வந்துபோகத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமையை 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கடைகளுக்கு விதித்திருக்கிறது. தகுதியானவர்களுக்கு உள்ளூர் நிர்வாகம் ‘ப்ளூ பேட்ஜ்’ என்ற அட்டை தருகிறது. அந்த அட்டையைத் தவறாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. ஆகவே, குழந்தைக்கான இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்பதற்காக மாற்றுத்திறனாளிகளின் இடத்தில் காரை விடக் கூடாது. ‘ரெண்டு நிமிஷம்தான்’ என்றாலும் கூடாது. சக்கர நாற்காலியை இறக்க வேண்டியவருக்கு வேறு வழியே இல்லை.

அதற்காகக் குழந்தைக்கான இடத்தில் யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பல கடைகளின் பார்க்கிங்கைத் தனியார் நிறுவனங்கள் நிர்வகிக்கின்றன. பலகையில் விதியைத் தெளிவாக எழுதி வைத்திருந்தால், அங்கே காரை நிறுத்துவதே அந்த விதிக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். மீறினால் வீட்டுக்குக் கட்டண நோட்டீஸ் வரலாம். ஒரு கடை வளாகத்தில் 2 மணி நேர இலவச வரம்பைத் தாண்டிக் காரை நிறுத்தியவருக்கு விதித்த 85 பவுண்டு செல்லும் என்று, அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதனால் இறங்கியதும் முதலில் பலகையைப் படித்துவிடுவது நல்லது.

இவர்கள் நிறுத்தலாமா?

வீட்டில் குழந்தை இருக்கிறது, காரில் சீட்டும் இருக்கிறது, ஆனால் குழந்தை கூட வரவில்லை. நிறுத்தக் கூடாது. காலி சீட்டுக்குக் கதவு திறக்க வேண்டியதில்லை.

குழந்தை காரில் இருக்கிறது, ஆனால் அப்பாவோடு காரிலேயே தூங்கப்போகிறது, அம்மா மட்டும் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரப்போகிறார். இதுவும் வேண்டாம். இறங்காத குழந்தைக்கு எந்த இடமும் போதும்.

பிள்ளைக்குப் பதினைந்து வயது. சிரிப்பாக இருந்தாலும் இப்படியும் நிறுத்துகிறார்கள். பல கடைகள் 12 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. தானே பெல்ட் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்துத் திறந்து இறங்கும் பத்து வயதுப் பிள்ளையோடு வந்தால், விதி அனுமதித்தாலும் கைக்குழந்தைக்காரருக்கு விட்டுக்கொடுப்பது அழகு.

தாத்தா பாட்டி பேரக்குழந்தையை அழைத்து வந்தால்? தாராளமாக நிறுத்தலாம். பெற்றோர்தான் வர வேண்டும் என்பதில்லை. குழந்தை வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நிறைமாதக் கர்ப்பிணி தனியாக வந்தால்? பல பலகைகளில் கர்ப்பிணிகளைப் பற்றி எதுவும் எழுதியிருக்காது. ஆனால், எட்டு மாத வயிற்றோடு இரண்டடி இடுக்கில் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். கடையின் கஸ்டமர் சர்வீஸ் கவுன்ட்டரில் ஒரு தடவை கேட்டுவைத்துக்கொண்டால் மனக்குறை இல்லாமல் நிறுத்தலாம்.

அடுத்த வாரம் நடந்தது

அடுத்த சனிக்கிழமை அதே கடைக்கு, குழந்தையையும் எடுத்துக்கொண்டு மூன்று பேராகப் போனார்கள். குழந்தைக்கான இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அதில் ஒன்றில் பெரிய கார் ஒன்று. உள்ளே ஒருவர் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளைப் பாரு! நான் போய்க் கேட்கட்டுமா?” என்று அம்மா பெல்ட்டைக் கழற்றினார். போன வாரம் அதே இடத்துக்கு ஆசைப்பட்டவர்தான்!

“வேண்டாம்மா. அவர் பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிட்டு உள்ளே போயிருக்கலாம். நமக்கு என்ன தெரியும்?”

மகள் சொன்னதும் நாகரிகம்தான். தனியாக இருப்பவரின் குடும்பம் கடைக்குள் இருக்கலாம். நன்றாக நடந்து போகிறவரிடமும் ப்ளூ பேட்ஜ் இருக்கலாம். வெளியே தெரியாத பாதிப்புகள் உள்ளவர்களும் அதைப் பெறும்படி இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட்டில் விதியை விரிவாக்கினார்கள். தவறு என்று உறுதியாகத் தோன்றினால் கடை ஊழியரிடம் சொல்லலாம். முன்பின் தெரியாதவரோடு, கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, பார்க்கிங்கில் நின்று வாக்குவாதம் செய்வதால் குழந்தைக்குத்தான் ஆபத்து.

அன்றைக்கு அவர்கள் ஒரு சாதாரண இடத்தில் நிறுத்தினார்கள். அப்போது பக்கத்து இடம் காலியாக இருந்ததால் குழந்தையை இறக்குவது சுலபமாக இருந்தது. பொருள் வாங்கித் திரும்பி வந்தபோது ஒரு வேன் வந்து ஒட்டி நின்றிருந்தது. குழந்தை சீட் இருக்கும் பக்கத்துக் கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. மறுபடியும் தூறல். பசியில் குழந்தை வீறிட்டது.

அம்மா குழந்தையை முந்தானையால் மூடி அணைத்தபடி நடைபாதையில் ஒதுங்கி நின்றார். மகள் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, காரை மெல்ல வெளியே எடுத்தார். அதன்பிறகுதான் குழந்தையைச் சீட்டில் வைக்க முடிந்தது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் கார் கடைத்தெருவைத் தாண்டும்வரை அம்மா எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“அடுத்த மாசம் நான் ஊருக்குப் போயிடுவேன். அப்போ இப்படி ஆனா, காரை வெளியே எடுக்கிற வரைக்கும் இவளை எங்கேடி வெச்சிருப்பே?”

வாசலுக்குப் பக்கத்து இடத்தை ‘யாரு கேட்கப்போறா’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். தனியாக வந்த தாய்க்கு அப்போது இருப்பவை இரண்டே வழிகள். குழந்தையை ட்ராலியில் விட்டுவிட்டுக் காரை நகர்த்த வேண்டும். இல்லையென்றால் வேன்காரர் வரும்வரை மழையில் நிற்க வேண்டும். முதல் வழியை யாரும் யோசிக்கவே கூடாது.

இடம் கிடைக்காவிட்டால்

அகலமான இடம் எல்லா நாளும் கிடைக்காது. அப்போது கைகொடுக்கும் சில வழிகள்:

* வரிசையின் ஓரத்தில் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் புல்தரையோ நடைபாதையோ இருந்தால் அந்தப் பக்கம் யாரும் வந்து ஒட்ட முடியாது. குழந்தை சீட் அந்தப் பக்கம் வருகிற மாதிரி நிறுத்துங்கள்.

* கோட்டுக்குள்ளேயே, குழந்தை இல்லாத பக்கமாகக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்கள். அரை அடி கூடுதலாகக் கிடைத்தாலும் லாபம்தான்.

* ட்ராலி நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள். குழந்தையைக் காரில் வைத்துவிட்டு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டியிருக்காது. ட்ராலியை அகலமான இடத்திலேயே விட்டுவிட்டுப் போவதும் அடுத்த குழந்தையின் இடத்தை அடைப்பதுதான்.

* பக்கத்துக் கார் கதவை அடைத்துவிட்டால், குழந்தையோடு கடைக்குள்ளேயே திரும்பிப் போங்கள். கஸ்டமர் சர்வீஸில் அந்தக் காரின் நம்பரைச் சொன்னால் மைக்கில் அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

* குழந்தை இல்லாமல் வருகிறவர்கள், பக்கத்துக் காரில் குழந்தை சீட் தெரிந்தால், கோட்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். இதற்குப் பலகை எதுவும் தேவையில்லை.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றால், உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் கொடுப்பார். எழ முடியாதவர், “குழந்தையை இப்படிக் குடும்மா” என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். குழந்தை பெயர் என்ன, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. மதுரை அம்மா அப்படி எத்தனையோ குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். காரில் வருகிறவர்களுக்கு அடுத்தவர் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள வழியில்லை. அந்த அகல இடத்தை விட்டுவைக்கத்தான் முடியும்.

அம்மா ஊர் திரும்பிய இரண்டாவது வாரம், மதுரை வீட்டில் வாட்ஸ்அப் ஒலித்தது. மகள் அனுப்பிய படம். அகலமாகத் திறந்த கார் கதவு, சீட்டில் கைகால் ஆட்டும் பேத்தி. கீழே ஒரு வரி: “இன்னிக்கு இடம் கிடைச்சுதும்மா.”

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பதில் அனுப்பினார்.

“தரை ஈரமா இருக்கே. குடை எடுத்துட்டுப் போனியா?”