இறந்தவருக்கு எதற்குப் பிரஷர் மருந்து?



பிரஷர் என்றதும் எம்மவருக்கு நினைவு வருவது கூடிய பிரஷர்தான். உப்பைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள், குளிசையை விடாமல் போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பல தடவை சொல்லியாயிற்று. இம்முறை நாம் எடுத்துக்கொள்வது குறைந்த பிரஷர். அதுவும் மூளைச்சாவு அடைந்து, உறுப்புத் தானம் செய்யக்கூடிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருடைய பிரஷர். சந்தோசமாக வாசிக்கும் விடயம் அல்ல என்பது தெரியும். இருந்தாலும், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கும்போதே இதை வாசித்து வைப்பது நல்லது.

இந்நாட்டு வைத்தியசாலைகளில் இப்படியான ஒரு கட்டிலருகே நிற்கும் குடும்பத்தின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் வந்து, "அவர் இறந்துவிட்டார்" என்கிறார். ஆனால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மொனிற்றரில் 110/65 என்று எண் ஓடுகிறது. தாதி அடிக்கடி வந்து மருந்து பம்பின் அளவை மாற்றுகிறார், சேலைன் பையை மாற்றுகிறார். இறந்தவருக்கு எதற்குப் பிரஷர் மருந்து? ஒன்றில் அவர் சாகவில்லை, அல்லது இவர்கள் உறுப்புக்காகத்தான் இவ்வளவும் செய்கிறார்கள். இந்த இரண்டில் ஒரு சந்தேகம் மனதில் விழுந்துவிட்டால், தானம் பற்றிக் கேட்கும்போது "வேண்டாம்" என்ற பதில்தான் வரும். அப்படிச் சந்தேகப்படுவது பிழை என்று நாம் சொல்லமாட்டோம். அதற்குத் தெளிவான விளக்கம் உண்டு என்பதையும், அது எம்மவருக்குத் தமிழில், நேரத்துக்குக் கிடைப்பதில்லை என்பதையும்தான் சொல்ல வருகிறோம்.

முதலில் பிரஷர் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். இரத்தக் குழாய்கள் எவ்வளவு இறுக வேண்டும், எவ்வளவு தளர வேண்டும் என்று மூளைத்தண்டு நரம்புகள் வழியாக நொடிக்கு நொடி கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. விபத்தாலோ இரத்தக் கசிவாலோ மூளை வீங்கும்போது மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் போதாது. மூளைத்தண்டு கீழ்நோக்கி நசுக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் உடலில் உள்ள அட்ரினலின் ஒரேயடியாகக் கொட்டி, பிரஷர் எகிறும். இதயத் தசையே அதனால் பழுதுபடலாம். அந்தப் புயல் நெடுநேரம் நிற்பதில்லை. மூளைத்தண்டு செயலிழந்ததும் கட்டளை நின்றுபோய், குழாய்கள் தளர்ந்து விரிந்து, பிரஷர் சரசரவென்று இறங்கும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரை வீணாக்காமல் தேக்கி வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஓமோன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அது நின்றதும் சிறுநீர் பச்சைத்தண்ணீர் போலக் கொட்டத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 முதல் 70 மில்லிலீட்டர் போவது வழமை என்றால், இங்கே 300, 400 என்று போகலாம். இதற்கு டயபிட்டிஸ் இன்சிபிடஸ் என்று பெயர். அதைக் கேட்டதும், "அவருக்குச் சீனி வருத்தமே இல்லையே!" என்று யாரும் திகைக்க வேண்டாம். பெயரிலும் சிறுநீர் அதிகம் போவதிலும்தான் ஒற்றுமை, மற்றப்படி சலரோகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூளை வீக்கத்தைக் குறைக்க முன்னர் கொடுத்த மருந்தும் உடலிலிருந்து நீரை வெளியேற்றியிருக்கும். குழாய் தளர்ந்து, நீர் குறைந்து, இதயமும் களைத்த நிலையில் கவனிக்காமல் விட்டால், வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிடும்.

மூளை இறந்த பிறகு இதயம் எப்படித் துடிக்கிறது என்று கேட்பீர்கள். இதயத்துக்குள்ளேயே துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் உண்டு. பிராணவாயு கிடைக்கும்வரை அது துடிக்கும். அந்தப் பிராணவாயுவைக் கொடுப்பது வென்டிலேட்டர். சில வேளைகளில் கைகால்கூட அசையலாம். அது முள்ளந்தண்டு வடத்தின் தெறிவினை. அதைப் பார்த்து வீட்டார் பதறுவது இயல்பே. ஆகவே இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது வைத்தியர்களின் கடமை என்று நினைக்கிறோம்.

மூளைத்தண்டுச் சாவை உறுதிசெய்ய இந்நாட்டில் இரண்டு வைத்தியர்கள் வேண்டும். இருவருமே பதிவு பெற்று ஐந்து ஆண்டுகளாவது ஆனவர்களாகவும், ஒருவராவது கொன்சல்டன்ற் தரத்தவராகவும் இருக்க வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவினர் எவரும் அதில் சேர முடியாது. கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள், காதுக்குள் குளிர்நீர் விடுவார்கள், தொண்டையைத் தூண்டிப் பார்ப்பார்கள், கடைசியில் வென்டிலேட்டரிலிருந்து பிரித்து, தானாக மூச்சு எடுக்கிறாரா என்று காத்திருப்பார்கள். எல்லாமே இரண்டு தடவை. இதில் எம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரஷர் மிகக் குறைந்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. பிரஷர், உடல் வெப்பம், இரத்தத்தில் உப்பின் அளவு எல்லாம் ஒழுங்காகி, மயக்க மருந்தின் தாக்கமும் நீங்கியிருக்க வேண்டும். இரத்தம் போதாமல் மந்தமாக இருக்கும் மூளையை இறந்த மூளை என்று முடிவுகட்டிவிடக்கூடாது அல்லவா? ஆகவே அதுவரை பிரஷருக்குக் கொடுக்கும் மருந்து முழுக்க முழுக்க நோயாளிக்காகத்தான்.

இரண்டாவது சோதனை முடிந்த பிறகு நிலைமை வேறு. இங்கே நாம் பூசி மெழுக விரும்பவில்லை. அதன் பின்னர் கொடுக்கும் பிரஷர் மருந்து அவரைப் பிழைக்க வைக்காது. அவருடைய சிறுநீரகமும் ஈரலும் இதயமும் நுரையீரலும் இன்னொருவருக்குப் பயன்படும் நிலையில் இருப்பதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. "உறுப்புக்காகத்தான் செய்கிறார்கள்" என்பது அந்த மணித்தியாலங்களில் உண்மைதான். அதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை என்பது எமது கருத்து. இறந்தவர் தானம் செய்ய விரும்பியிருந்தால், அவர் விருப்பம் நிறைவேற அது ஒன்றே வழி. குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால், ரொறன்ரோவில் இருக்கும் தங்கையுடன் பேசவும், வயதான தாயை வைத்தியசாலைக்குக் கூட்டிவரவும் அந்த மருந்துதான் அவகாசம் தருகிறது. குடும்பம் மறுத்தால் மருந்தும் வென்டிலேட்டரும் நிறுத்தப்படும். மறுத்தவர்களை யாரும் குறைத்துப் பார்க்கக்கூடாது.

சிகிச்சை எப்படி நடக்கிறது? மொனிற்றரில் மேல், கீழ் எண்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்றாவது எண் ஒன்று தெரியும். அது சராசரி அழுத்தம். இந்நாட்டில் அதை 60க்கும் 80க்கும் இடையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். முதலில் இழந்த நீரை ஏற்றுவார்கள். அதையும் அள்ளி ஊற்ற முடியாது. சிறுநீரகத்துக்கு நீர் தாராளமாக வேண்டும், நுரையீரலோ நீர் கோத்தால் பழுதாகிவிடும். அடுத்தது வாசோபிரெசின். நின்றுபோன ஓமோனும் இதுவும் ஒன்றே. குழாய்களையும் இறுக்கும், சிறுநீர்ப் பெருக்கையும் அடக்கும். நோர்அட்ரினலின் என்ற மருந்தும் பிரஷரை ஏற்றும். ஆனால் அளவு கூடினால் இதயத்துக்குச் சுமை, உள்ளுறுப்புகளுக்கு இரத்தமும் குறையும். அதனால் வாசோபிரெசின் வேலைசெய்யத் தொடங்கியதும் நோர்அட்ரினலினைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். பம்பில் எண் இறங்குவதைக் கண்டு, "கைவிட்டுவிட்டார்கள்" என்று எண்ண வேண்டாம்.

இதில் எல்லாமே முடிந்த முடிவு என்றும் இல்லை. தைரொயிட் ஓமோன் கொடுத்தால் கொடையாளரின் இதயம் தேறும் என்று பல காலம் நம்பப்பட்டது. 800க்கும் மேற்பட்ட கொடையாளர்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, மருந்து கொடுத்தவர்களில் 54.9 வீதமானோரின் இதயங்களும், கொடுக்காதவர்களில் 53.2 வீதமானோரின் இதயங்களும் மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்பட்டிருந்தன. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், இறப்பவர்களில் நூற்றில் ஒருவர் அளவில்தான் உறுப்புத் தானம் செய்யக்கூடிய விதத்தில் இறக்கிறார். தெற்காசிய மக்களிடையே சலரோகமும் கூடிய பிரஷரும் அதிகம், அவற்றால் சிறுநீரகம் பழுதாவதும் அதிகம். B வகை இரத்தமும் எம்மிடையே அதிகம். பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதற்கு எமது சமூகத்திலிருந்தே கொடையாளர்கள் வரவேண்டும். கண்ணப்ப நாயனார் கதையை மேடைதோறும் சொல்ல எம்மவருக்குச் சலிப்பில்லை. டயலிசிஸ் செய்துகொண்டு காத்திருப்பவர்கள் அந்த மேடைக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008இல் ஒரு வைத்தியத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது பலருடைய மனதை மாற்றியது. உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அங்கே 2023இல் அறிவித்தார்கள்.

இங்கே வேல்ஸில் 2015 முதலும், இங்கிலாந்தில் 2020 முதலும், ஸ்கொட்லாந்தில் 2021 முதலும், வட அயர்லாந்தில் 2023 முதலும், மறுப்புத் தெரிவிக்காத வயது வந்தவர் சம்மதித்தவராகவே கருதப்படுகிறார். ஆனாலும் குடும்பத்துடன் பேசாமல் எதுவும் நடப்பதில்லை. அந்தப் பேச்சில்தான் எமக்குப் பெரிய குறை. ஆங்கிலம் தெரியாத தாய்க்கு, பதினாலு வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடுகிறார்கள். மூளைத்தண்டு, வென்டிலேட்டர், சம்மதம் என்ற சொற்களை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது கொடுமை. பிள்ளைக்குத் தெரிந்த தமிழில், "பாட்டா செத்துட்டார், ஆனால் மெசினில இருக்கிறார்" என்றுதான் வரும். பாதி நம்பிக்கையும் பாதி பயமுமாக அந்த வீடு முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே வைத்தியசாலைகளிடம் நாம் கேட்பது, பிரஷர் மருந்து எந்த நேரம்வரை நோயாளிக்காக, எந்த நேரத்திலிருந்து தானத்துக்காக என்பதைக் குடும்பத்துக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதே. எம்மவரிடம் கேட்பது, அதை அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள் என்பது. இரண்டு சோதனைகளும் முடிந்துவிட்டனவா, சோதனையின்போது பிரஷர் எவ்வளவு இருந்தது, இப்போது ஓடும் மருந்து எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உறுப்புத் தானத்துக்கென்று பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வருவார். அவரிடமும் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். தேசிய சுகாதார சேவை அவரை ஒழுங்கு செய்து தரும், நீங்கள் பணம் எதுவும் கட்டத் தேவையில்லை.