சொந்த அணியின் தவறும் வர்ணனையாளரின் கடமையும்

தரையில் பட்ட பந்தைப் பிடித்துவிட்டதாக எதிரணி வீரர் கைதூக்கினால் அது ஏமாற்று. சொந்த அணி வீரர் அதையே செய்தால், பாவம், அவர் நின்ற கோணத்தில் தெரிந்திருக்காது. ஆட்டமிழந்து வெளியேறும் மட்டையாளரை எதிரணியினர் ஏசினால் அநாகரிகம். சொந்த அணியினர் ஏசினால் ஆக்ரோஷம், வெற்றி வேட்கை. கிரிக்கெட் நேரலையைத் தொடர்ந்து கேட்கும் எவருக்கும் இந்த இரட்டை அகராதி பழக்கமானதே.

இதை விளையாட்டு அலைவரிசைகளின் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. வேலை முடிந்து திரும்பும் கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் கைபேசிகளிலும் இடைவிடாது ஒலிக்கும் குரல் அது. செயலைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், செய்தவரின் சட்டை நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லப் பழக்கும் குரல் அது. அந்தக் குரல் யாருடைய ஊதியத்தில் பேசுகிறது என்று கேட்பது அரசியல் கடமையாகும்.

வர்ணனையாளர் வேறு விதமாகவும் பேச முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒருநாள் போட்டியில் மோதின. ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ரன் தேவை. ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சேப்பல், பந்துவீசவிருந்த தம் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. ஆஸ்திரேலியா வென்றது. நேரலை வர்ணனையில் இருந்தவர்களுள் ஒருவர், அவ்விருவரின் அண்ணனும் முன்னாள் அணித்தலைவருமான இயான் சேப்பல். தம்பியைக் காப்பாற்ற அவர் சொல் தேடவில்லை. இப்படிச் செய்யக் கூடாது என்று அந்தக் கணத்திலேயே சொன்னார். மற்றொரு முன்னாள் அணித்தலைவரான ரிச்சி பெனோ, ஆஸ்திரேலிய முதலாளி கெர்ரி பேக்கரின் தொலைக்காட்சியில் நின்றுகொண்டே, இது வெட்கக்கேடான செயல், கிரிக்கெட் களத்தில் தாம் கண்ட மிக மோசமானவற்றுள் ஒன்று, இனி ஒருபோதும் அனுமதிக்கப்படக் கூடாதது என்று கண்டித்தார். பின்னர் ஒருநாள் போட்டிகளில் அவ்வகைப் பந்துவீச்சு தடை செய்யப்பட்டது. சொந்த நாட்டு வர்ணனையாளர்கள் கண்டித்ததால் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அழிந்துவிடவில்லை.

அப்படியானால் வர்ணனையாளர் சொந்த அணியை நேசிக்கவே கூடாதா? 1986 உலகக் கோப்பைக் கால்பந்தின் காலிறுதி இதற்கு விடை தருகிறது. மால்வினாஸ் தீவுகளுக்கான போர் நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் அர்ஜென்டினா இங்கிலாந்தை எதிர்கொண்டது. மாரடோனா முதல் கோலைக் கையால் அடித்தார். உருகுவேயில் பிறந்து அர்ஜென்டின வானொலிக்கு வர்ணனை செய்துகொண்டிருந்த விக்டர் ஹ்யூகோ மொராலெஸ், மாரடோனாவின் இரண்டாவது கோலின்போது உணர்ச்சிப் பெருக்கில் அழுதவர். அவரைவிட அந்த அணியை நேசித்த குரலைக் காண்பது அரிது. ஆனால் முதல் கோல் கையால் அடிக்கப்பட்டது என்பதை அவர் நேயர்களிடம் மறைக்கவில்லை. எதிரே நிற்பது இங்கிலாந்து என்பதால், கையால் அடித்த கோலையும் கொண்டாடும் தம் மனத்துக்காக இறைவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவர் சார்பு எடுத்தார். ஆனால் கேட்பவரை ஏமாற்றவில்லை. நேசமும் நேர்மையும் ஒரே நாவில் குடியிருக்க முடியும்.

இந்தியாவில் நடப்பது வேறு. 2001 நவம்பரில் போர்ட் எலிசபெத் டெஸ்டில் போட்டி நடுவர் மைக் டென்னஸ் ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்தார். தென்னாப்பிரிக்க வீரர்களும் மிகையாக முறையிட்டபோது அவர்கள் மட்டும் ஏன் விடப்பட்டனர் என்ற கேள்வி நியாயமானது. வெள்ளை நாடுகளின் பிடியில் நெடுங்காலம் இருந்த விளையாட்டில் அக்கேள்வி எழுந்தே தீரும். ஆனால் டெண்டுல்கர் மீதான புகார், கள நடுவருக்குத் தெரிவிக்காமல் பந்தைத் துடைத்தார் என்பதுதான். பந்தைச் சேதப்படுத்தினார் என்பதன்று. அது நடந்ததா, விதி என்ன சொல்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் மக்களுக்கு விளக்கியிருக்கலாம். அதற்கு மாறாக, தேசத்துக்கே அவமானம் என்ற கூச்சல் எழுந்தது. நடுவரின் உருவ பொம்மைகள் எரிந்தன. அடுத்த டெஸ்ட் அதிகாரபூர்வத் தகுதியையே இழந்தது. நியாயமான கேள்வி ஒன்றைக் கேடயமாக்கி, இன்னொரு நியாயமான கேள்வி புதைக்கப்பட்டது.

2008 ஜனவரி சிட்னி டெஸ்டிலும் இதே கதை. ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்று இழித்ததாக ஹர்பஜன் சிங் மீது புகார் எழுந்து, 3 டெஸ்ட் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன், இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கினார். வசைபாடியதற்கு ஆட்ட ஊதியத்தில் 50 சதவீதம் அபராதம் விதித்தார். கள நடுவர்களின் பிழைகளால் இந்தியா அந்த டெஸ்டில் பாதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 அக்டோபரில், மும்பை வான்கடே மைதானத்தில் பார்வையாளர்கள் அதே சைமண்ட்ஸை நோக்கிக் குரங்குச் சேட்டை காட்டியதும் உண்மை. நிறத்தின் பேரால் மனிதரை இழிவுபடுத்தும் வழக்கம் இந்தியச் சமூகத்தில் எவ்வளவு ஆழமானது என்ற விவாதத்துக்கு அது தக்க தருணம். அந்த விவாதம் அவமானம், பழிவாங்கல் என்ற ஆரவாரத்தில் அடிபட்டுப் போனது. அதே வேளையில் ஆஸ்திரேலியாவில் குடியேறி எழுதிவந்த பீட்டர் ரோபக், வென்ற அணியின் தலைவர் ரிக்கி பாண்டிங்கைப் பதவிநீக்க வேண்டும் என்று சிட்னி நாளேட்டில் எழுதினார். வெற்றி கிடைத்த மறுகணமே சொந்த அணியின் நடத்தையைக் கேள்வி கேட்கும் துணிவு அது.

இங்கு அத்துணிவு ஏன் அரிதாகிறது? தனிமனிதக் கோழைத்தனம் என்று சொல்லி முடித்துவிட்டால் உண்மை பாதியில் நின்றுவிடும். உள்நாட்டுத் தொடர்களுக்கு வர்ணனையாளரை அமர்த்துவதும் நீக்குவதும் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமான பிசிசிஐயின் கைகளில் இருந்துவந்துள்ளது. வீரர் தேர்வு, நடுவர் தீர்ப்பு மறுஆய்வு முறை, வாரிய நிர்வாகம் ஆகியவற்றைப் பேசக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்க மறுத்து, 2013இல் இந்தியாவில் நடந்த ஆஸ்திரேலியத் தொடரின் வர்ணனையிலிருந்து இயான் சேப்பல் விலகிக்கொண்டார். 2016 மார்ச்சில், இந்திய வர்ணனையாளர் எதிரணியினரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார் என்று அமிதாப் பச்சன் சமூக ஊடகத்தில் குறைபட்டார். அணித்தலைவர் தோனி அதை வழிமொழிந்தார். அடுத்த மாதம் ஐபிஎல் வர்ணனையிலிருந்து ஹர்ஷா போக்ளே காரணம் கூறப்படாமலே நீக்கப்பட்டார். 2020இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் பட்டியலிலிருந்து விடுபட்டார். காரணம் சொல்லப்படாத தண்டனைதான் மிகப் பெரிய எச்சரிக்கை. எஞ்சியோர் தம் நாவைத் தாமே அடக்கிக்கொள்வர். முன்னாள் வீரர்கள் சிலர் வர்ணனையாளராக இருந்துகொண்டே ஐபிஎல் நிர்வாகக் குழுவிலும் அமர்ந்திருந்த காலமும் உண்டு.

வாரியத்துக்குப் பின்னால் மூலதனம் நிற்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. 2024 நவம்பரில் ரிலையன்ஸ், டிஸ்னி ஆகியவற்றின் இந்திய ஊடகத் தொழில்கள் இணைந்தபின், தொலைக்காட்சி, இணையம் இரண்டின் உரிமமும் ஒரே நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன. மும்பை இந்தியன்ஸ் அணிக்கும் ரிலையன்ஸே உரிமையாளர். அணியை நடத்துபவரும் ஒலிவாங்கிக்கு ஊதியம் தருபவரும் ஒரே முதலாளி என்னும்போது, நட்சத்திர வீரரின் தவறு என்பது சரக்கின் பழுது. தன் கடைச் சரக்கின் பழுதை எந்த வணிகன் கூவி விற்பான்? ஐசிசியின் தலைமை நாற்காலியில் ஒன்றிய உள்துறை அமைச்சரின் மகன் 2024 டிசம்பரில் அமர்ந்த பின்னர், ஆட்சியதிகாரம், மூலதனம், விளையாட்டு ஆகிய மூன்றும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதை விளக்கத் தேவையில்லை.

மறைப்பது சொற்களை மட்டுமன்று, காட்சிகளையும்தான். 2008 ஏப்ரலில் மொஹாலியில் ஐபிஎல் ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வேளையில் ஹர்பஜன் சிங் ஸ்ரீசாந்தைக் கன்னத்தில் அறைந்தார். ஸ்ரீசாந்த் அழுததை நாடே பார்த்தது. அறைந்ததை யாரும் பார்க்கவில்லை. ஹர்பஜனுக்கு 11 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. ஆனால் அக்காட்சி 17 ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்டு, 2025இல்தான், அன்றைய ஐபிஎல் தலைவர் லலித் மோடியின் வாயிலாக வெளிவந்தது. பொதுவெளியில் நடந்த செயலின் பதிவு, ஒரு நிர்வாகியின் தனிச் சொத்தாகக் கிடந்தது.

இது இந்தியாவின் தனி நோயன்று. 2016 ஹோபார்ட் டெஸ்டில் வாயில் மிட்டாயுடன் பந்தைத் தேய்த்த தென்னாப்பிரிக்கத் தலைவர் டு பிளெசிஸை ஆஸ்திரேலியக் காட்சிகள் காட்டிக்கொடுத்தன. 2018 கேப்டவுன் டெஸ்டில் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்த ஆஸ்திரேலியர் பான்கிராஃப்டைத் தென்னாப்பிரிக்கக் கேமரா பிடித்தது. இரண்டும் உண்மையான குற்றங்கள். ஆனால் உள்ளூர்க் கேமரா விருந்தாளியின் விரல்களையே உற்றுப் பார்க்கிறது என்பதும் உண்மை. அவ்வேளையில் ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான ஏபிசியின் மூத்த வர்ணனையாளர் ஜிம் மேக்ஸ்வெல், தம் நாட்டு அணியின் செயலைப் பேசும்போது குரல் தழுதழுத்தார். தனியார் முதலாளிக்கு விற்பனைச் சரக்கு தேவைப்படாத இடத்தில் இத்தகைய குரலுக்கு இடமிருக்கிறது.

நேர்மையான ஆட்டம் என்பதே வெள்ளைக்காரத் துரைமார் கற்பித்த ஒழுக்கம்தானே என்ற எதிர்வாதம் இடதுசாரி வட்டாரங்களிலும் எழுவதுண்டு. டிரினிடாடைச் சேர்ந்த மார்க்சியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியான தம் 'பியாண்ட் எ பவுண்டரி' நூலில் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கறுப்பினத்தவரான ஃப்ராங்க் வோரல் மேற்கிந்தியத் தீவுகளின் தலைவராக வேண்டும் என்று இதழாசிரியராக இருந்து போராடியவர் அவர். காலனியத்தின் பாசாங்கை அறியாதவரல்லர். ஆயினும் காலனியப் பள்ளியில் கற்ற ஆட்ட நேர்மையை அவர் தூக்கியெறியவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வீரர்கள் பணம் பெற்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது அம்பலமானபோது, தம் அரசியல் தோழர்கள் அதைப் பொருட்படுத்தாதது கண்டு அவர் அதிர்ந்தார். ஆண்டைகள் பேசிவிட்டு மீறிய நெறியை, உழைக்கும் மக்கள் தமதாக்கி அதற்கு உண்மையாக இருக்க முடியும் என்பதே அவர் வாழ்விலிருந்து பெறும் பாடம்.

சொந்த அணியின் தவறை மூடிமறைக்கும் பழக்கம் எல்லைக்கோட்டோடு நிற்பதில்லை. காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால், இறந்தவரின் பழைய வழக்குகளைத் தேடும் செய்தி அறிவிப்பாளரும் இதே அகராதியைத்தான் புரட்டுகிறார். நம்மவர் செய்தால் அது குற்றமாகாது என்ற ஒற்றைப் பாடத்தை மாலையில் விளையாட்டிலும் இரவில் செய்தியிலும் மக்கள் மீண்டும் மீண்டும் கேட்கின்றனர். அந்த 'நம்மவர்' வட்டமோ நொடியில் சுருங்கிவிடுகிறது. 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்ற மறுகணம் முகமது ஷமி நம்மவராக இல்லாமல் போய், மதத்தின் பேரால் தூற்றப்பட்டார். அதே ஆண்டு ஒலிம்பிக் அரையிறுதியில் மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சாதியைச் சொல்லி இழித்து வெடி வெடித்தனர். தவறே செய்யாதவர்கள் குற்றவாளிகளாயினர். செயலைப் பாராமல் ஆளைப் பார்த்துத் தீர்ப்பிடும் மனம் எங்கே போய் முடியும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

மாற்றம் இயலாததன்று. 2024 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் 19 வயது சாம் கான்ஸ்டாஸ் மீது விராட் கோலி தோளால் மோதியபோது, அது தேவையற்ற செயல் என்று வர்ணனையிலேயே ரவி சாஸ்திரி சொன்னார். கோலிக்கு ஆட்ட ஊதியத்தில் 20 சதவீதம் அபராதமும் விதிக்கப்பட்டது. ஒரே வாக்கியம்தான். வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் தனிமனிதரின் துணிவை நம்பி மட்டும் இருக்க முடியாது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான். பிசிசிஐ பொதுப் பணியை ஆற்றுகிறது என்று 2015இல் அதே நீதிமன்றம் கூறியது. ஆனால் 2025இன் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமோ, அரசு நிதி பெறும் அமைப்புகளோடு தகவல் உரிமையை நிறுத்திக்கொண்டு, பிசிசிஐயைத் தப்பவிட்டிருக்கிறது. வாரியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். வர்ணனையாளரின் ஒப்பந்தத்தில் என்னென்ன பேசத் தடை என்பது வெளியிடப்பட வேண்டும். அணி உரிமையாளரே ஒளிபரப்பாளராக இருப்பதற்குத் தடை வேண்டும். பிரசார் பாரதி வாரியத்தையும் உரிமதாரரையும் சாராத சொந்த வர்ணனையை எல்லா மொழிகளிலும் வழங்க வேண்டும். இவை ரசிகர்களின் கோரிக்கைகள். ஜனநாயகத்தின் கோரிக்கைகளும் ஆகும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத களமும் ஒன்று உண்டு. கிராமங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாலிபர் அமைப்புகள் நடத்தும் கபடி, கைப்பந்து, கிரிக்கெட் போட்டிகளில் ஒலிவாங்கி எந்த முதலாளியின் கையிலும் இல்லை; தோழர்களின் கையில் இருக்கிறது. கோட்டைத் தொட்டுவிட்டுத் தொடவில்லை என்று வாதிடுபவர் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும், தொட்டார் என்று அந்த ஒலிபெருக்கி முதலில் சொல்லட்டும்.