மருதாணிச் செடியில் ஒரு கூடு

 

நாற்பது வயதைக் கடந்தவனுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்தால் வீட்டார் சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்குப் பிறந்தது பறவைகளைப் படமெடுக்கும் ஆசை. விடுமுறையில் வந்த என் சகோதரியின் மகன் தன் பழைய கேமராவை என்னிடம் விட்டுச் சென்றதே காரணம். உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூத்த உஸ்தாத் ஒருவர் என்னிடமும் அதைச் சொன்னார். ஆனால் என்னைத் தலைகுனிய வைத்தது அந்த வாதமன்று.

மதரஸாவின் சுற்றுச்சுவரை ஒட்டிய மருதாணிச் செடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. கறுத்த தலையும் வாலடியில் செந்நிறமுமாக நாம் அன்றாடம் காணும் பறவைதான். கூட்டில் மூன்று குஞ்சுகள். இலைகள் மறைக்கவே, கிளைகளை நூலால் ஒதுக்கிக் கட்டினேன். தாய்ப்பறவை வாயில் புழுவுடன் அருகிலிருந்த கம்பியில் அமர்ந்து கத்திக்கொண்டிருந்தது. அதையும் நல்ல காட்சியென்றே எண்ணிப் படமெடுத்தேன்! அஸர் பாங்கு ஒலித்தது. கட்டை அவிழ்க்காமலே தொழச் சென்றுவிட்டேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சென்று பார்த்தால், கூடு வெறுமையாக இருந்தது. காகமோ, செண்பகமோ! நான் ஒதுக்கிய இலைகளே அக்குஞ்சுகளுக்கு வெயிலுக்குக் குடையும் பகைக்குத் திரையுமாக இருந்தவை.

"உஸ்தாத், குஞ்சுகள் பறந்துவிட்டனவா?" என்று ஓதவந்த சிறுவன் ஒருவன் கேட்டான். பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய் தவித்துச் சிறகடித்ததையும், நபி (ஸல்) அவர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் கூறும் அபூதாவூத் ஹதீஸை அந்த வாரத்தில்தான் அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கிதாபைத் திறந்துகொண்டான்.

கேமராவைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சில மாதங்களுக்குப் பின்தான் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) பற்றிப் படித்தேன். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் கழுத்துக் குருவிதான் அவரைப் பறவைகளின்பால் திருப்பியது. அவரே 1930இல் கிஹிம் என்னும் கடலோர ஊரில் தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கு அருகே மறைவாக அமர்ந்து பல நாட்கள் கவனித்தார். ஆண் பாதி கட்டிய கூட்டைப் பெண் வந்து சோதித்து ஏற்கிறது. பின்னர் அதைக் கட்டி முடிக்கும் ஆண், அடுத்த துணைக்காக வேறொரு கூட்டைத் தொடங்குகிறது. இந்தக் குடும்ப இரகசியம் வெளிப்பட்டது பொறுமையாலன்றோ!

இப்போது பூட்டைத் திறந்துவிட்டேன். ஆயினும் கூடுகளின் பக்கம் செல்வதில்லை. இன்று பிள்ளைகள் கையிலெல்லாம் கைப்பேசி இருக்கிறது. அதைக் கூட்டருகே நீட்டும் பிள்ளையைக் கண்டால், தயவுசெய்து என் கதையைச் சொல்லுங்கள்.

இவ்வாண்டும் மருதாணியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. திண்ணையிலிருந்தே ஒரேயொரு படம் எடுத்தேன். அதில் இலைகள்தாம் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால் வாலடியின் சிவப்பு சிறிது தெரியும். அச்சிறுவனிடம் காட்டினேன். "பறவை எங்கே உஸ்தாத்?" என்று வெகுநேரம் தேடினான்.